குத்தகைப் புத்தகத்துக்குக் கிரய விலையா?

ஒரு புதிய நாவல் அச்சில் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே நாவல் மின்னூலாக 300 ரூபாய். யாரோ படித்து முடித்துப் போட்ட பிரதி பழைய புத்தகக் கடையில் 150 ரூபாய். மூன்றிலும் கதை ஒன்றுதான், எழுத்து ஒன்றுதான். வாசகர் எதற்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்? பதிப்பாளர்கள் இந்தக் கணக்கை அச்சு விலையிலிருந்து தொடங்குகிறார்கள். நானூறில் நூறு குறைத்தாயிற்றே, வேறென்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. மின்னூலைப் பழைய புத்தகத்தின் பக்கத்தில் வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

இதைச் செஞ்சியிலிருந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே கோட்டையடியில் இருக்கும் பேரூராட்சி இது. ரயில் நிலையம் கிடையாது; திண்டிவனம் – திருவண்ணாமலை ரயில் பாதை பல ஆண்டுகளாகப் பேச்சிலும் கோப்பிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு விற்கும், காய்கறி விற்கும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகள் மலையாகக் குவியும். பள்ளிப் பிள்ளைகளுக்கான கைடும் நோட்ஸும் போட்டித் தேர்வுப் புத்தகங்களும் ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும். கைடு மட்டும் இங்கும் கைமாறும்: மேல் வகுப்புக்குப் போகிற பிள்ளை கீழ் வகுப்புப் பிள்ளைக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிடும். ஆனால் ஒரு நாவலோ வரலாற்று நூலோ வேண்டுமென்றால் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டும், அல்லது தபாலில் வரவழைக்க வேண்டும். திருவல்லிக்கேணி நடைபாதை மாதிரி உட்கார்ந்து புரட்டித் தேர்ந்தெடுக்கும் பழைய புத்தகக் கடைத்தெரு இதுபோன்ற ஊர்களுக்கு வாய்ப்பதில்லை. இங்கே பழைய புத்தகம் பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது, கிலோ கணக்கில்.

எனவே மின்னூல் யாருக்கு அதிகம் பயன்பட வேண்டுமோ, அந்த வாசகர் செஞ்சியில் இருக்கிறார். பேருந்துக் கட்டணம் இல்லை, தபால் செலவு இல்லை, ‘ஸ்டாக் இல்லை’ என்ற பதில் இல்லை. கையில் இருக்கும் போனிலேயே படித்துவிடலாம். சென்னையில் இருப்பவருக்கு மின்னூல் பல வழிகளில் ஒரு வழி. செஞ்சிக்கும் மேல்மலையனூருக்கும் வந்தவாசிக்கும் அது பல சமயம் ஒரே வழி. அந்த ஒரே வழியில் சுங்கம் அதிகமாக இருந்தால் அடிபடுவது இந்த ஊர்கள்தான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தொகுப்பில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. பன்னிரண்டாவது செஞ்சி. அதற்குப் பிறகு இந்தக் கோட்டையைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். சி.எஸ். சீனிவாசாச்சாரியார் ஆங்கிலத்தில் எழுதிய செஞ்சி வரலாற்றை 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், 1677-இல் வந்த சிவாஜி, 1690-களில் ராஜாராமைச் சுற்றி வளைத்து எட்டாண்டுக் காலம் நீண்ட முகலாய முற்றுகை, பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள் என்று எல்லாரையும் ஒரே நூலில் கொண்டுவந்தவர் அவர். அந்தப் பழைய பதிப்பின் பிரதி கையில் கிடைத்தால் அது பாக்கியம். ஸ்கேன் செய்த பிரதியை இணைய ஆவணக் காப்பகத்தில் காசில்லாமல் படிக்கலாம். அரிய பிரதிக்கு ஒரு விலை, அதன் மின் வடிவத்துக்கு விலையே இல்லை. இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில்தான் இன்றைய எழுத்தாளரும் இன்றைய பதிப்பாளரும் நிற்கிறார்கள். அவர்களுடைய நூலுக்குச் சரியான விலை எது என்பதே நம் கேள்வி.

மலிவுப் புத்தகம் செஞ்சிக்குப் புதிதல்ல. செஞ்சியின் கதையே மலிவுப் புத்தகத்தால் ஊர் ஊராகப் போனதுதான். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதில் மாண்ட தேஜ் சிங், தேசிங்கு ராஜனாகத் தமிழ்நாடு முழுவதும் பாட்டில் வாழ்கிறார். அந்தக் கதைப்பாட்டு சென்னை குஜிலிக் கடைத்தெருப் பதிப்பாளர்களின் கையில் மலிவுத் தாளில் அச்சாகி, திருவிழாக்களிலும் சந்தைகளிலும் விற்றது. ‘பெரிய எழுத்து’ என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரும் கண் மங்கியவரும் வாங்கட்டும் என்பதற்காக. அணாக் கணக்கில் விற்ற அந்தப் புத்தகம் ஒருவர் வாங்கினால் ஒரு தெருவே கேட்கும். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். விலை குறைவு என்பதோடு, வாங்கியவர் அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதும் அதன் பரவலுக்குக் காரணம்.

செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. சமணர்கள் சொல்லும் நான்கு தானங்களில் சாத்திர தானம் ஒன்று: நூலைப் படியெடுத்து மற்றவருக்குக் கொடுப்பது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பை என்ற பெண்மணி பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுக்கச் செய்து வழங்கினார். ஒவ்வொரு படியும் எழுத்தாணியால் கீறப்பட்ட ஓலைக்கட்டு என்பதை நினைத்துப் பாருங்கள். ஓலைக்காலத்தில் படியெடுப்பது மிகக் கடினம், கொடுப்பது மிக எளிது. இன்று ஒரு நொடியில் கோடிப் படி எடுக்கலாம். நான் காசு கொடுத்து வாங்கிய மின்னூலை என் தங்கைக்குக் கொடுக்க வழியில்லை.

இங்கேதான் விலைப் பிரச்சினையின் வேர் இருக்கிறது. அச்சுப் புத்தகத்தை வாங்கும்போது தாளோடு சேர்த்துச் சில உரிமைகளும் நம் கைக்கு வருகின்றன. விற்கலாம், இரவல் கொடுக்கலாம், பரிசாகத் தரலாம், நூலகத்துக்கு வழங்கலாம், பேரப்பிள்ளைக்கு விட்டுப்போகலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, இதைத் தெளிவாக ஒப்புக்கொள்கிறது. பிரதிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமை நூலாசிரியருடையது. ஆனால் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதிக்கு அது பொருந்தாது என்கிறது 14-ஆவது பிரிவு. ஒருமுறை விற்ற பிரதி புழக்கத்துக்கு வந்த பிரதி. அமெரிக்காவில் இதே கேள்வி 1908-லேயே உச்ச நீதிமன்றம் போனது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலில், ‘ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல்’ என்று அச்சடித்து வைத்தது. மேசிஸ் கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. விற்றுவிட்ட பிரதியின் விலையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்று தீர்ப்பு வந்தது. உலகமெங்கும் பழைய புத்தகக் கடைகள் இந்தக் கொள்கையின் நிழலில் நிற்கின்றன.

மின்னூலுக்கு இந்த நிழல் இல்லை. நாம் பெறுவது படிக்கும் அனுமதி மட்டும். 2009-இல் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் என்று சொல்லி ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளுக்குள் புகுந்து அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் புத்தகங்களும் அதோடு போயின; அங்கும் பணம் திரும்பியது, புத்தகம் திரும்பவில்லை. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை அமேசான் நிறுத்தியது. அதே ஆண்டு தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது: எண்மப் பொருளை விற்பவர், கொடுப்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்கு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டிலும் இப்படி ஒரு விதி வேண்டும்.

வாங்கிய மின் கோப்பை மறுபடி விற்கலாமா என்று கேட்டு இரண்டு பெரிய வழக்குகள் நடந்தன. இசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்த ரீடிஜி நிறுவனத்துக்கு எதிராக 2018 டிசம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், நெதர்லாந்தின் டாம் கேபினெட் தளம் பழைய மின்னூல்களை விற்க முடியாது என்றது. ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன காரணம் யோசிக்க வைப்பது. அச்சுப் புத்தகம் கைபட்டுத் தேயும், கிழியும், மஞ்சளாகும். மின் பிரதி தேய்வதில்லை. பழையது புதியதற்கு முழு மாற்றாகிவிடும். அதனால் நூலாசிரியருக்கு இழப்பு அதிகம். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். மின்னூலுக்குக் கட்டற்ற மறுவிற்பனை வந்தால் ஒரே பிரதி ஊரெல்லாம் சுற்றும், எழுதியவருக்கு ஒன்றும் தேறாது. ஆனால் இந்தத் தீர்ப்பிலிருந்து வரும் அடுத்த படியைப் பதிப்புலகம் எடுக்க மறுக்கிறது. வாசகரிடமிருந்து விற்கும் உரிமை, கொடுக்கும் உரிமை, வைத்திருக்கும் உரிமை மூன்றும் எடுக்கப்பட்டுவிட்டன. எடுத்த உரிமைக்கு விலையில் ஈடு எங்கே? குத்தகைக்கு விடும் நிலத்துக்குக் கிரயத் தொகை கேட்டால் செஞ்சிப் பக்கத்து விவசாயி துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். மின்னூல் வாசகரிடம் நாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

400 ரூபாய் நாவலுக்கே திரும்புவோம். புத்தகக் காட்சியில் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி போக 360 ரூபாய்க்கு வாங்குகிறேன். படித்துவிட்டு இரண்டு நண்பர்களுக்கு இரவல் கொடுக்கிறேன். பிறகு பழைய புத்தகக்காரரிடம் போட்டால் 80 ரூபாயோ 100 ரூபாயோ தருவார். என் கையை விட்டுப் போன நிகரத் தொகை 260 முதல் 280. மூன்று பேர் படித்திருக்கிறோம். அந்தப் பிரதியை 150 ரூபாய்க்கு வாங்கும் அடுத்தவர், அவரும் பிறகு 50 ரூபாய்க்குப் போட்டால், அவர் செலவு 100. மின்னூல் வாசகர் 300 கொடுக்கிறார், திரும்ப வருவது பூஜ்யம், படித்தவர் ஒருவர். அட்டையில் மலிவாகத் தெரியும் மின்னூல்தான் மூன்றிலும் விலை கூடியது.

பதிப்பாளர் பக்கத்து நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது. தமிழில் ஒரு காலத்தில் ஒரு பதிப்பு என்றால் 1,200 பிரதிகள் என்று வழக்கம். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நூறு, இருநூறு என்று போடுகிறார்கள். எழுத்துத் திருத்தம், மெய்ப்பு, அட்டை, வடிவமைப்பு எல்லாவற்றின் செலவையும் அந்தச் சில நூறு பிரதிகள்தான் சுமக்கின்றன. கடைக்காரருக்கு 35, 40 சதவீதம் கழிவு போகிறது. 2025 செப்டம்பரின் ஜிஎஸ்டி மாற்றத்தில் பள்ளி நோட்டுக்கான தாளுக்கு வரி நீங்கியது, புத்தகம் அச்சிடும் தாளுக்கோ 12-இலிருந்து 18 சதவீதமாக ஏறியது. புத்தகத்துக்கு வரி விலக்கு இருப்பதால் தாளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. மின்னூலுக்குச் செலவே இல்லை, சும்மா கொடுங்கள் என்பவர்கள் இந்த உழைப்பைப் பார்க்காதவர்கள். எழுதுவதற்கும் திருத்துவதற்கும் ஆன செலவு அச்சுக்கும் மின்னூலுக்கும் பொது.

ஆனால் பொதுச் செலவு போக மீதியைப் பாருங்கள். மின்னூலுக்குத் தாள் இல்லை, பைண்டிங் இல்லை, கிடங்கு வாடகை இல்லை, விற்காமல் திரும்பி வரும் மூட்டை இல்லை. இவற்றைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எவரும் பேசக் காணோம். மின்னூலுக்குப் பழைய புத்தகச் சந்தை என்ற போட்டியே இல்லை. அச்சில் ஐந்து பேர் படித்தால் ஒருவர்தான் பதிப்பகத்துக்குக் காசு கொடுத்திருப்பார். மின்னூலில் ஐந்து பேரும் கொடுக்க வேண்டும். முன்பு பழைய புத்தகக் கடைக்குப் போன பணம் இப்போது பதிப்பகத்துக்கும் எழுத்தாளருக்கும் வருகிறது. வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நான்கு பேரும் 150 ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள். 300 கேட்டால் அவர்கள் வர மாட்டார்கள்.

வராதவர்கள் எங்கே போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். டெலிகிராம் குழுக்களில் பிடிஎஃப் சுற்றுகிறது. வாட்ஸ்அப்பில் நல்ல மனதோடு அனுப்புகிறார்கள், திருட்டு என்ற நினைப்பே இல்லாமல். அது திருட்டுதான், உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் உழைப்பை எடுத்துப் பந்தி வைப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை. ஆனாலும் இரவல் கொடுக்கும் பழக்கம் நம் வாசிப்பின் உயிர். சட்டப்படி இரவல் கொடுக்க ஒரு வாசலும் திறக்காமல் எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, பின்வாசல் வழியே போகிறார்கள் என்று புலம்புவதால் பயனில்லை.

இனி எழுத்தாளரின் பங்கு. பழைய புத்தகம் விற்றால் எழுத்தாளருக்கு ஒரு பைசா வராது. நம் சட்டத்தின் 53ஏ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்திலும் மூலக் கையெழுத்துப் பிரதியிலும் படைப்பாளிக்குப் பங்கு உண்டு என்கிறது. அச்சுப் பிரதிக்கு அது பொருந்தாது. ஆகவே வாசகர் 150 ரூபாயைப் பழைய புத்தகத்துக்குக் கொடுப்பதைவிட மின்னூலுக்குக் கொடுத்தால் எழுத்தாளருக்கு நல்லது. எவ்வளவு நல்லது? அச்சு நூலில் உரிமைத்தொகை பொதுவாக 10 சதவீதம். 400 ரூபாய் நூலுக்கு 40 ரூபாய். மின்னூலை 150 ரூபாய்க்கு வைப்போம். வரியையும் கோப்பு அனுப்பும் சிறு கட்டணத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், கடை 30 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதி 105 ரூபாயைத் தருகிறது. பதிப்பாளரும் எழுத்தாளரும் சரிபாதி பிரித்தால் எழுத்தாளருக்கு 52 ரூபாய் 50 காசு. அச்சில் கிடைத்ததைவிட அதிகம். விலையைப் பாதியாக இறக்கியும் எழுதியவர் நட்டப்படவில்லை என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடும். பல ஒப்பந்தங்களில் மின்னூலுக்கும் அதே 10 சதவீதம் என்று எழுதி வாங்கிக்கொள்வதால்தான் எழுத்தாளர்களே மின்னூல் விலை குறைவதை விரும்பாமல் இருக்கிறார்கள். மாற்ற வேண்டியது அந்த ஷரத்தை.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஆசிரியரே கிண்டிலில் நேரடியாக வெளியிடும் அமேசானின் கேடிபி முறையில் உரிமைத்தொகை 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு வகை. இந்தியாவில் நடக்கும் விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால் அந்த மின்னூலை வேறெங்கும் விற்காமல் அவர்களிடம் மட்டுமே கட்டிப்போட வேண்டும். வேறு கடையிலும் வைத்தால் 35தான். நம் 150 ரூபாய் நூலில் 105 வருவதற்குப் பதில் 52 ரூபாய் 50 காசு வரும். எழுத்தாளர் பங்கு 26 ரூபாயாகச் சுருங்கும். அமெரிக்க வாசகருக்கு விற்றால் இல்லாத இந்தக் கட்டு இந்திய வாசகருக்கு விற்றால் மட்டும் ஏன்? 2016 டிசம்பரில் கிண்டில் தமிழுக்கு வந்ததும் எத்தனையோ புதியவர்கள் எழுத வந்தார்கள். அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரே கடையில் கட்டிப்போட்டால்தான் நியாயமான கூலி என்பது நியாயமான கூலி ஆகாது. தமிழ்ப் பதிப்பாளர் அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது. தங்களுக்கென ஒரு பொதுக் கடையும் அவர்கள் திறக்கலாம்.

அரசும் தன் பங்குக்கு விலையை ஏற்றுகிறது. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. பழைய புத்தகத்துக்கும் இல்லை. மின்னூலுக்கு 2017-இல் 18 சதவீதம் போட்டார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2018 ஜூலையில், அச்சு வடிவம் உள்ள மின்னூலுக்கு மட்டும் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். மின்னூலாக மட்டுமே வரும் நூல் 18-லேயே நிற்கிறது. யார் மின்னூலாக மட்டும் வெளியிடுகிறார்கள்? அச்சிடக் காசில்லாத புதிய எழுத்தாளர். பதிப்பகம் கிடைக்காத சிற்றூர் எழுத்தாளர். விற்பனை குறைவாக இருக்கும் ஆய்வு நூலை எழுதியவர். தாளில் வந்தால் அறிவு, திரையில் வந்தால் சேவை என்று அரசு பிரித்து வைத்திருப்பதற்கு என்ன நியாயம்? பிரிட்டன் 2020 மே மாதம் மின்னூலுக்கான வரியை அச்சு நூலைப் போலவே பூஜ்யமாக்கியது. ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழ்நாடு இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும். 1948-இலேயே சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணத்தின் வாரிசு நாம். சொத்து வரியோடு நூலக வரி கட்டும் மக்கள் நாம்.

பழைய அச்சுப் புத்தகத்தை ஒழித்துவிட்டு மின்னூல் வரட்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1985-இல் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது எத்தனை நூல்கள் கடைசிப் பிரதியோடு போயினவோ! கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய புத்தகக்காரர்களிடம் தேடித்தேடி வாங்கிச் சேர்த்த நூல்கள்தான் அவர் மறைவுக்குப் பிறகு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. குஜிலிப் பதிப்புகளைப் பற்றி இன்று ஆய்வு செய்ய முடிகிறதென்றால், எடைக்குப் போக வேண்டிய தாளை ஒருவர் காசு கொடுத்து வாங்கியதால்தான். பூட்டுப் போட்ட மின்னூலை இப்படி ஒரு ரோஜா முத்தையா சேர்க்கவே முடியாது. கடை மூடினால் கோப்பும் போகும். பழைய புத்தகக்காரர் தமிழுக்குச் செய்த தொண்டுக்கு நாம் இன்னும் நன்றி சொல்லவில்லை.

அந்தப் பழைய புத்தகம் செஞ்சிக்கு வந்து சேர்வதும் இப்போது செலவு கூடிய காரியமாகிவிட்டது. பதிவுப் புத்தக அஞ்சல் என்ற பழைய சலுகையை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி, 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. இதாவது வந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம். சென்னையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய பிரதி தபால் செலவோடு செஞ்சி வாசகருக்கு 190, 200 ஆகிறது. மின்னூல் 150 என்றால் அவர் அதைத்தான் வாங்குவார்; எழுத்தாளருக்கும் பங்கு போய்ச் சேரும். மின்னூல் 300 என்றால் பழைய பிரதிக்கே காத்திருப்பார். பெரும்பாலும் படிக்காமலே விட்டுவிடுவார்.

மின்னூலுக்கென்று தனி நன்மைகள் இருக்கின்றனவே, அதற்கு விலை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. எந்த நூலையும் ‘பெரிய எழுத்து’ நூலாக்கிக்கொள்ளலாம், பார்வையற்றவருக்குக் கருவி வாய்விட்டுப் படிக்கும், சொல் தேடலாம். ஆனால் பார்வையற்றவர் படிப்பதற்கான வசதியைக் கூடுதல் விலைக்குரிய சரக்காக நினைப்பது தவறு. பார்வைக் குறையுள்ளோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. மற்ற வசதிகளுக்கு வேண்டுமானால் பத்து, இருபது ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள்.

என் கோரிக்கைகள் இவை. புது நூலின் மின்வடிவம் முதல் ஆண்டில் அச்சு விலையில் பாதியைத் தாண்டக்கூடாது. அதன் பிறகு, பழைய பிரதிகள் சந்தைக்கு வந்துவிடும் நிலையில், மூன்றில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். கடைக் கழிவு போக வருவதில் எழுத்தாளருக்குப் பாதி. அச்சுப் பிரதி வாங்கியவருக்கு மின்னூல் சிறு தொகைக்கு. வாங்கிய மின்னூலை ஒரு முறையாவது இன்னொருவர் பெயருக்கு மாற்ற வழி; தொழில்நுட்பத்தில் இது பெரிய காரியமில்லை, அமெரிக்காவில் கிண்டிலே 2010 இறுதியில் 14 நாள் இரவல் வசதியைச் சில நூல்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. கேடிபியில் நூல் ஏற்றும்போது பூட்டு வேண்டுமா, வேண்டாமா என்று ஆசிரியரிடமே கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் துணிவு நம் எழுத்தாளர்களுக்கு வர வேண்டும். திருடுகிறவரைப் பூட்டு தடுத்ததில்லை; காசு கொடுத்தவரைத்தான் கட்டிப்போடுகிறது. பொது நூலகத் துறை அச்சு நூலை வாங்குவதுபோல் மின்னூலையும் ஆசிரியருக்கு உரிய தொகை கொடுத்து வாங்கி, செஞ்சி கிளை நூலக உறுப்பினரும் சென்னை கன்னிமாரா உறுப்பினரும் ஒரே வரிசையில் நின்று இரவல் எடுக்கும்படி செய்ய வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. மின்னூலைக் காசு கொடுத்து வாங்கும் முன், அது நாட்டுடைமை ஆன நூலா என்று பாருங்கள். கல்கியின் நூல்கள் உட்படப் பல எழுத்தாளர்களின் படைப்புகள் நாட்டுடைமையானவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் அப்படிப்பட்ட நூல்கள் ஏராளமாக, இலவசமாக, சட்டப்படி கிடைக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது. அங்கே மிச்சமாகும் பணத்தை உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவரின் நூலுக்குக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃபை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். மின்னூலின் விலை அதிகம் என்று தோன்றினால் சும்மா நகர்ந்துவிடாமல், என்ன விலை என்றால் வாங்குவீர்கள் என்று பதிப்பகத்துக்கு எழுதுங்கள்.

சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஆண்டுதோறும் புதிய நூல்களின் விலைப்பட்டியலைப் பதிப்பாளர்கள் தயார் செய்கிறார்கள். அடுத்த பட்டியலில் அச்சு விலைக்குப் பக்கத்திலேயே மின்னூல் விலையையும் போடுங்கள். அது அச்சு விலையில் பாதிக்கு மேல் இருந்தால், இரவல் கொடுக்கும் உரிமையையும் சேர்த்து விற்க வேண்டும்.